கண்டுபிடித்தவருக்கு நூற்றுக்கு எத்தனை?

மருதமுனையில் எங்கள் மாமாவின் வீட்டுப் பின்பந்தலில் இரண்டு கைத்தறிகள் இருக்கின்றன. மாமா சாரம் நெய்வார். மாமி நூல் சுற்றிக் கொடுப்பார். மாமா தறியில் உட்காருவதற்கு முன்பே மாமியின் வலது கை ராட்டினத்தை எத்தனையோ நூறு தடவை சுற்றி முடித்திருக்கும். அந்தக் கையின் தோள்பட்டையில் வலி வந்தபோது, மாமா ஒரு பழைய தையல் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி ராட்டினத்தில் பொருத்தினார். வேலை விரைவாயிற்று. ஆனால் இடையில் நூல் அறுந்தாலும் மோட்டார் நிற்காமல் ஓடி எல்லாவற்றையும் சிக்காக்கியது. "நூல் அறுந்தா மெஷின் தானா நிக்கணும். அந்த நூலையே காவலுக்கு வெச்சா என்ன?" என்று மாமிதான் கேட்டார். அதன்படி மாமா ஒரு சிறு கொக்கியைச் செய்தார். இறுகி ஓடும் நூல் அந்தக் கொக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கும். நூல் அறுந்தால் கொக்கி விழும். விழுந்ததும் மின்சாரம் நின்றுவிடும்.

சென்ற வருடம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து இந்த இயந்திரத்தைப் பார்த்தார். இதைத் தாமே செய்து விற்க விரும்புவதாகக் கூறி இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, ஒன்றரை இலட்சம் ரூபாயை மொத்தமாகத் தந்துவிடுவது. மற்றது, விற்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நூற்றுக்கு மூன்று ரூபாய் வீதம் தருவது. "நூற்றுக்கு மூணா? மிச்சம் தொண்ணூற்றேழும் அவருக்கா?" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "நீ கொமர்ஸ் படிக்கிறாய்தானே மகள், எது இலாபம் எண்டு கணக்குப் பாத்துச் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே என் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விற்பதும் குத்தகைக்கு விடுவதும்

வயல் சூழ்ந்த ஊர்களில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ஒருவரிடம் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அவர் அதை விற்றுவிடலாம். கைக்குப் பணம் வரும், வயல் போய்விடும். அல்லது குத்தகைக்கு விடலாம். வயல் அவருடையதாகவே இருக்கும், ஒவ்வொரு போகத்துக்கும் பேசிய நெல் வந்து சேரும். கண்டுபிடிப்பும் அப்படித்தான். அதன் உரிமையை முழுவதுமாக விற்றுவிடலாம். இல்லாவிட்டால், "இதைச் செய்து விற்க உமக்கு அனுமதி தருகிறேன்" என்று உரிமம் வழங்கலாம். அந்த அனுமதிக்காக, விற்பனையின் அளவுக்கேற்பக் கண்டுபிடித்தவருக்குத் தொடர்ந்து கிடைக்கும் பங்கையே ரோயல்டி என்கிறோம்.

ஆனால் வயலைக் குத்தகைக்கு விட உறுதி வேண்டும். கண்டுபிடிப்புக்கு அந்த உறுதியின் இடத்தில் இருப்பது ஆக்கவுரிமைப் பத்திரம். நமது நாட்டில் இது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. விண்ணப்பத்தைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த எவருக்கும் இலகுவில் தோன்றிவிடாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். கைத்தொழிலில் பயன்படுத்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்தினால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். இடையில் ஆண்டுதோறும் புதுப்பித்தல் கட்டணம் செலுத்தி வர வேண்டும். இலங்கையில் பெற்ற உரிமை இலங்கைக்குள் மட்டுமே செல்லும். இந்தியாவில் ஒருவர் அதே பொருளைச் செய்வதைத் தடுக்க அங்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும்.

பொதிகை மலையில் ஒரு பழம்

இனிக் கணக்குக்கு வருவோம். நூற்றுக்கு எத்தனை என்பதற்கு நம் அயலிலேயே ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் அகத்தியர் மலையை, அதாவது நம் இலக்கியங்கள் பேசும் பொதிகையை, அண்டிய காடுகளில் காணி என்ற பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் என்ற தாவரவியலாளரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அந்தக் காட்டுக்குள் சென்றது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு பழத்தை மென்றபடி களைப்பில்லாமல் ஏறினார்கள். விஞ்ஞானிகளோ மூச்சு வாங்கினார்கள். அது என்னவென்று கேட்டதற்கு முதலில் அவர்கள் சொல்ல மறுத்தார்கள். அது தங்கள் குலத்தின் இரகசியம் என்றார்கள். பின்னர் காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதன் விஞ்ஞானப் பெயர் டிரைக்கோபஸ் சைலானிகஸ். சைலானிகஸ் என்ற சொல் நம் இலங்கையையே குறிக்கிறது. அந்தத் தாவர இனம் இங்கும் உண்டு.

திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் செடியோடு வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற சத்து மருந்தை உருவாக்கியது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமத்தைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசி என்ற கம்பனிக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்கியது. கம்பனி முதலில் உரிமக் கட்டணமாக 10 இலட்சம் இந்திய ரூபாய் தர வேண்டும்; அதன் பிறகு தொழிற்சாலை விலையில் நூற்றுக்கு 2 ரூபாய் ரோயல்டி தர வேண்டும். வருவதில் பாதி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, மற்றப் பாதி காணி மக்களுக்கு. அந்தப் பங்கைப் பெறுவதற்காக 1997இல் காணி மக்களின் பெயரில் ஒரு நலன்புரி நம்பிக்கை நிதியம் பதிவு செய்யப்பட்டது.

1999இல் அந்த நிதியத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 19 ஆயிரம் ரூபாய். உரிமக் கட்டணத்தின் பாதியே 5 இலட்சம். ஆகவே விற்பனையிலிருந்து அதுவரை சேர்ந்த பங்கு எவ்வளவு சிறியது என்பதை நாமே கழித்துப் பார்க்கலாம். மருந்து விற்றால்தான் ரோயல்டி. மருந்து செய்வதற்குச் செடி வேண்டும். காட்டிலிருந்து அந்தச் செடியை எடுப்பதற்கு வனத்துறை தடை சொன்னது. மூலப்பொருள் தட்டுப்பாடானால் உற்பத்தி குறையும்; உற்பத்தி குறைந்தால் நூற்றுக்கு இரண்டும் குறையும்.

ஏன் இரண்டு, மூன்று மட்டும்?

நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளில் நூறு ரூபாயும் இலாபமல்ல என்பது முதல் பாடம். மூலப்பொருள், சம்பளம், மின்சாரம், போக்குவரத்து, வட்டி, விளம்பரம் எல்லாம் போக உற்பத்தியாளரின் கையில் 10 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இலாபத்தில் கால் பங்கைக் கண்டுபிடித்தவருக்குக் கொடுப்பது நியாயம் என்ற ஒரு பழைய கைக்கணக்கு மேல்நாடுகளில் வெகுகாலம் இருந்தது. பத்தில் கால் பங்கு இரண்டரை ரூபாய். விற்பனை விலையோடு ஒப்பிட்டால் அதுதான் நூற்றுக்கு இரண்டரை. ஆகவே இரண்டு, மூன்று, ஐந்து என்று வரும் வீதங்களைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை.

எனினும் அந்தக் கைக்கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 2011இல் மைக்ரோசொப்ட் கம்பனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நட்டஈட்டைக் கணிப்பதற்குக் கால் பங்கு விதியைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதே அதன் கருத்து. இலாபம் அதிகமான மென்பொருள், மருந்து போன்ற துறைகளில் வீதம் கூடலாம். இலாபம் குறைந்த பொருள்களில் ஒரு ரூபாய்கூடப் பெரிதாக இருக்கலாம்.

எதில் நூற்றுக்கு மூன்று?

வீதத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எதில் மூன்று? மாமாவின் இயந்திரத்தையே உதாரணமாக எடுத்தேன். வியாபாரி அதைச் செய்து பட்டறை வாசலில் 40,000 ரூபாய்க்கு விற்கிறார், கடையில் அது 50,000 ரூபாய்க்குப் போகிறது, ஓர் இயந்திரத்தில் அவருக்கு 4,000 ரூபாய் இலாபம் என்று வைத்துக்கொண்டேன்.

பட்டறை விலையில் நூற்றுக்கு மூன்று என்றால் ஓர் இயந்திரத்துக்கு 1,200 ரூபாய். கடை விலையில் என்றால் 1,500 ரூபாய். இலாபத்தில் என்றால் வெறும் 120 ரூபாய். மூன்றும் "நூற்றுக்கு மூன்று"தான். வந்தவர் எந்த மூன்றைச் சொன்னார் என்று மாமாவுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. இலாபத்தில் பங்கு என்பது மிகவும் அபாயமானது. செலவைக் கூட்டி எழுதினால் இலாபமே இல்லாமற் போய்விடும். ஜீவனி ஒப்பந்தத்தில் தொழிற்சாலை விலை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது கவனிக்கத் தக்கது.

அடுத்தது, எத்தனை விற்கும்? 1,200 ரூபாய் வீதம் ஒன்றரை இலட்சத்தை எட்ட 125 இயந்திரங்கள் விற்க வேண்டும். வருடத்துக்கு ஐம்பது விற்றால் இரண்டரை வருடம் போதும். அதன் பிறகு வருவதெல்லாம் மேலதிகம். வருடத்துக்கு இருபதுதான் விற்றால் ஆறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உரிமம் வாங்கியவர் ஒன்றையும் செய்யாமல் கிடப்பில் போட்டால் ஒரு சதமும் வராது. வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாமற் போகலாம். அதனால்தான் நல்ல ஒப்பந்தங்களில் ஒரு முன்பணமும், விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சத் தொகையும், குறித்த காலத்துக்குள் உற்பத்தியைத் தொடங்காவிட்டால் உரிமம் திரும்பிவிடும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

யார் எண்ணுவது?

எத்தனை விற்றது என்பது விற்றவருக்குத்தான் தெரியும். ஆகவே கணக்கைப் பார்க்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் லொனி ஜோன்சன் 'சூப்பர் சோக்கர்' என்ற நீர்த் துப்பாக்கி விளையாட்டுப் பொருளைக் கண்டுபிடித்தவர். தமக்குரிய ரோயல்டி குறைவாகக் கணக்கிடப்பட்டது என்று அவர் முறையிட்டார். 2013இல் நடுவர் தீர்ப்பின்படி ஹஸ்ப்ரோ கம்பனி அவருக்கு ஏறத்தாழ 7 கோடியே 29 இலட்சம் டொலர் வழங்க வேண்டியதாயிற்று. எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்தபடியால்தான் அவரால் கேட்க முடிந்தது.

சம்பளத்துக்கு வேலை செய்பவர் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? ஜப்பானில் ஷூஜி நகமுரா என்பவர் ஒரு கம்பனியில் பணிபுரிந்தபோது பிரகாசமான நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யை உருவாக்கினார். இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளுக்கு அதுவே வழிவகுத்தது. அந்த ஆக்கவுரிமைக்காக அவருக்குக் கிடைத்தது 20,000 யென். அவர் வழக்குத் தொடர்ந்தார். 2004இல் கீழ் நீதிமன்றம் 2,000 கோடி யென் வழங்கும்படி சொன்னது. மேன்முறையீட்டின்போது 2005இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசமாயிற்று. 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசும் அவருக்குப் பங்காகக் கிடைத்தது. நமது சட்டத்திலும், தொழில் ஒப்பந்தத்தின் கீழ் செய்த கண்டுபிடிப்பு பொதுவாகத் தொழில் வழங்குநருக்கே உரியது. ஆனால் அதன் பெறுமதி எவரும் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்துவிட்டால், கண்டுபிடித்தவர் நியாயமான ஊதியம் கேட்க இடமுண்டு.

இவற்றைப் படித்துவிட்டு, பெருங் கம்பனிக்குக் கொடுப்பது மட்டுமே வழி என்று எண்ணிவிடக் கூடாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், பெண்களுக்கான சுகாதார நப்கினை மலிவாகச் செய்யும் சிறு இயந்திரத்தைத் தம் மனைவியின் சிரமத்தைக் கண்டு உருவாக்கியவர். அவர் அதைப் பெருங் கம்பனிகளுக்கு விற்காமல் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரமாகவே விற்றார். பல கிராமங்களில் பெண்களுக்குத் தொழில் கிடைத்தது. 2016இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஶ்ரீ விருது வழங்கியது.

மார்க்கமும் எழுதச் சொல்கிறது

"அறிவுக்குக் காசு கேட்பது கூடுமா?" என்று மூத்தம்மா கேட்டார். நல்ல கேள்விதான். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இதை ஆராய்ந்திருக்கிறது. வர்த்தகப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியன பொருட்பெறுமதி உள்ள உரிமைகள். ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது. அவற்றை அத்துமீறக் கூடாது. ஏமாற்றும் மோசடியும் இல்லாதபோது அவற்றைக் கைமாற்றலாம் என்பதே அதன் முடிவு. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் எதைப் பற்றியது என்று நமக்குத் தெரியும். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அது கற்பிக்கிறது. ரோயல்டியும் வருடக் கணக்கில் தவணையாக வரும் ஒரு கொடுக்கல் வாங்கல்தானே! ஆனாலும் நம் ஊர்களில் "நம்ம ஆள்தானே" என்ற ஒரு சொல்லிலேயே பல ஒப்பந்தங்கள் முடிந்துவிடுகின்றன.

மாமாவுக்குச் சொன்ன விடை

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு மாமாவிடம் போனேன். "மூணு வீதம் குறைவில்ல மாமா. ஆனா எதில மூணு, எத்தன வருஷம், ஆர் கணக்குப் பாக்கிற, வித்தாலும் விக்காட்டியும் என்ன தருவார், இதெல்லாம் எழுத்தில வேணும்" என்றேன். மாமா அவருக்குத் தொலைபேசி எடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்வோம் என்றார். அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். பிறகு அவரது தொலைபேசி பதில் சொல்லவே இல்லை. முதல் நாள் வந்தபோது அவர் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டு போனது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

நம் பாடசாலைக் கண்காட்சிகளிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் கலந்துகொள்ளும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். உலகுக்குக் காட்டிவிட்ட பொருள் 'புதியது' என்ற தகுதியை இழக்கலாம். கண்டுபிடித்தவரே வெளியிட்டால் நமது சட்டம் ஒரு வரையறுத்த சலுகைக் காலத்தைத் தருகிறது. பல நாடுகளில் அந்தச் சலுகையும் இல்லை. ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. அதற்கு முன் யாருக்காவது காட்டத்தான் வேண்டும் என்றால், இரகசியம் காப்பதாக அவரிடம் எழுதி வாங்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவும் இருக்கிறது.

மாமாவின் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. நூல் அறுந்தால் இயந்திரம் நிற்கும் ஏற்பாடு பெரிய ஆலைகளில் வெகுகாலமாக உண்டு. வீட்டு ராட்டினத்தில், இந்தக் கொக்கியில், உண்மையிலேயே புதியது எது என்று தேடிப் பார்த்த பிறகே சொல்ல முடியும். அந்தத் தேடலைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

சென்ற வாரம் விண்ணப்பத்துக்கான விபரங்களை எழுத உட்கார்ந்தோம். கண்டுபிடித்தவரின் பெயர் என்ற இடத்தில் மாமாவின் பெயரை எழுதினேன். அப்போது காணி மக்களின் ஞாபகம் வந்தது. மருந்தைச் செய்தவர்கள் விஞ்ஞானிகள், பழத்தைக் காட்டியவர்கள் அவர்கள், பங்கு இருவருக்கும். இருவர் சேர்ந்து கண்டுபிடித்தால் உரிமை இருவருக்கும் பொது என்றே நமது சட்டமும் சொல்கிறது. பேனையை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தேன்.

"என்ன மகள்?"

"மாமிர பேரும் வரணும் மாமா."

அடுப்படியிலிருந்து மாமியின் குரல் கேட்டது: "எனக்கென்னத்துக்குப் பேர்? நான் சும்மா சொன்னதுதானே."

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தறிப் பக்கம் பார்த்தபடி, "அந்தக் கொக்கி ஆர்ட யோசன? எழுது மகள்" என்றார்.

இரண்டு பெயர்களையும் எழுதினேன்.